தேங்காய் அரைக்காத மூன்று மார்கழிகள்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சுவலி வந்தபோது அவருக்கு நாற்பத்தோரு வயது. தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட வேலை செய்தவர்கள் ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய், நான் டைப்பிஸ்டாக இருந்த மில் ஆபீஸுக்கு ஃபோன் செய்தார்கள். மெஷினுக்குள் இருந்த தாளைக்கூட உருவாமல் ஓடினேன். பத்து நாள் வைத்திருந்து, இனிப் பயமில்லை என்று அனுப்பினார்கள்.

கிளம்புகிற அன்று டாக்டர் வந்தார். கட்டிலில் சட்டை போட்டுத் தயாராக உட்கார்ந்திருந்தவரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துத்தான் எல்லாம் சொன்னார்.

"எண்ணெய், நெய், தேங்கா, மட்டன், முட்டைல மஞ்சக்கரு, எல்லாத்தையும் நிறுத்திப்போடுங்கம்மா. தெனமும் காத்தால அரை மணி நேரம் நடக்கோணும். இனி அவரு உசுரு உங்க கையிலதானுங்க இருக்குது."

நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. அந்தப் பேச்சை ஒரு பட்டம் கொடுத்ததுபோல வாங்கிக்கொண்டு வந்தேன். தின்னப்போவது அவர். நடக்கப்போவது அவர். உயிர் அவருடையது. அது எப்படி என் கைக்கு வந்தது என்று கேட்க அன்றைக்கு எனக்குத் தோன்றவே இல்லை.

செல்வபுரத்தில் வாடகை வீடு எங்களுக்கு. நாங்கள் இரண்டு பேர், ஏழு வயதில் ஒரு மகள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த சில வாரங்களில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. அது விட்டதும் பனி. கோயம்புத்தூர்க் குளிர் பெரிய குளிர் இல்லைதான். ஆனாலும் மார்கழி விடிகாலையில் தொட்டித் தண்ணீரில் கை வைக்க முடியாது. அந்த மாதங்களில் எங்கள் பக்கத்து ஆட்களின் நாக்கு கேட்பதெல்லாம் கொழுப்புதான். ஆவி பறக்கிற அரிசியும்பருப்புச் சோற்றில் குழி பறித்து நெய் ஊற்ற வேண்டும். இடியாப்பம்போலச் சந்தகை பிழிந்தால் கெட்டித் தேங்காய்ப்பாலில் அது மிதக்க வேண்டும். நாட்டுக்கோழிக் குழம்பென்றால் தேங்காய் அரைத்து ஊற்றி, மேலே எண்ணெய் தெளிந்து நிற்க வேண்டும். மழைக்கு எண்ணெய்ச் சட்டி வைத்துக் கச்சாயம் சுடாத வீட்டை வீடென்று சொல்லமாட்டார்கள்.

இவையெல்லாம் இல்லாமல் இவரால் இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். வேகவைத்த காய்கறியைத் தட்டில் வைத்தால் எழுந்து போய்விடுவார். அதனால் அதே சாப்பாட்டைக் கொழுப்பில்லாமல் ஆக்கிக் காட்டுவது என்று முடிவு செய்தேன்.

சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. முதல் மார்கழி முழுக்கத் தோல்விதான். தேங்காய் இல்லாத கோழிக் குழம்பு வெறும் மிளகாய்த் தண்ணீராக நின்றது. பொட்டுக்கடலையை மட்டும் அரைத்து ஊற்றினேன், பசை மாதிரி ஆனது. சின்ன வெங்காயத்தை வெறும் சட்டியில் கருகாமல் சுருள வதக்கி, கொத்தமல்லி விதையும் மிளகும் வறுத்து, ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையோடு சேர்த்து அம்மியில் மைபோல அரைத்தால்தான் குழம்பு கெட்டிப்படும் என்று கண்டுபிடிக்க எனக்கு ஏழெட்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. கோழியைத் தோலுரித்து, முதலில் கொதிக்கிற தண்ணீரில் போட்டெடுத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். சந்தகைக்குத் தேங்காய்ப்பாலுக்குப் பதிலாக ஆடை எடுத்த பசும்பாலில் வெல்லத்தைப் போட்டுக் கொதிக்கவிட்டேன், பால் திரிந்துபோனது. வெல்லத்தைத் தனியாகப் பாகு வைத்து ஆறவிட்டு, ஆறின பாலில் கலந்தால் திரியாது. குழிப்பணியாரத்துக்கு எண்ணெய் ஊற்றாமல், வெள்ளைத் துணியை எண்ணெயில் தொட்டுக் குழியில் தடவினாலே போதும், மூடி வைத்துச் சுட்டால் உள்ளே வெந்துவிடும். கச்சாயம் மட்டும் எனக்குக் கடைசிவரை வசப்படவில்லை. ஆவியில் வேகவைத்ததைத் தின்ற மகள், "இது கச்சாயத்தோட தம்பியாம்மா?" என்று கேட்டாள்.

காலை நாலரைக்கு எழுந்து இதையெல்லாம் செய்துவிட்டு, எட்டரை மணி பஸ்ஸுக்கு ஓடுவேன். எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சாப்பாடுதான். அவர் முன்னால் உட்கார்ந்து நாங்கள் இரண்டு பேரும் நெய் ஊற்றிச் சாப்பிடுவது பாவம் என்று நினைத்தேன். வீட்டில் நெய் ஒரு சின்னக் கிண்ணத்தில் இருந்தது, மகளுக்கு ஒரு வேளைக்கு அரைக் கரண்டி. எனக்கு அதுவும் இல்லை.

அவர் ஒன்றும் சொல்லமாட்டார். தட்டில் வைத்ததைச் சாப்பிட்டுவிட்டு, "பரவால்லை அம்மணி" என்பார். அந்த ஒரு சொல்லுக்காக அடுத்த வாரம் இன்னொன்றை முயன்று பார்ப்பேன்.

இரண்டாவது மார்கழியில் பல்லடத்திலிருந்து நங்கை வந்தார். கணவரின் அக்காவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கோழிப்பண்ணை வைத்திருந்தார்கள், வாயும் வசதியும் உள்ளவர். வரும்போதே இரண்டு நாட்டுக்கோழி, ஒரு டப்பா நெய், பத்துத் தேங்காய். நான் ஆபீஸ் விட்டு வருவதற்குள் அடுப்பைப் பிடித்துக்கொண்டு, வீடு முழுக்கத் தேங்காய் வதங்குகிற வாசனை.

"நங்கை, டாக்டர் இதெல்லாம் ஆகாதுன்னு சொல்லியிருக்காருங்க."

"டாக்டர் என்ன சொல்லுவாரு? ஒரு நாளைக்குத் தின்னா ஒண்ணும் ஆயிராது. எந்தம்பி கன்னமெல்லாம் ஒட்டிப்போயிக் கெடக்கறான். நீ அவனப் பட்டினி போட்டுக் கொன்னுபோட்டுட்டு, நெஞ்சுவலின்னு சொல்லுவ."

என் வீட்டுக்காரர் கூடத்தில் உட்கார்ந்து தினசரி படித்துக்கொண்டிருந்தார். அக்கா சொன்னது காதில் விழுந்தது. பக்கத்தைத் திருப்பினார். அன்று ராத்திரி இரண்டு தட்டுச் சோறு தின்றார். நான் தடுக்கவில்லை, தடுத்திருந்தால் நான்தான் அரக்கி. ஊருக்குப் போன நங்கை, என் சமையலை அங்கே எல்லோரிடமும் "ஆஸ்பத்திரிச் சோறு" என்று சொல்லிக்கொண்டு திரிந்ததாகக் கேள்விப்பட்டேன்.

இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு எழுதக் கை கூசுகிற விஷயம்.

மூன்றாவது வருடம் கார்த்திகை. நல்ல பனி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அரிசியும்பருப்புச் சோறு ஆக்கியிருந்தேன். மகளுக்கு ஒன்பது வயதாகியிருந்தது. நெய்க் கிண்ணத்தை அவளே எடுத்து அரைக் கரண்டி ஊற்றிக்கொண்டாள். பிறகு என்னைப் பார்க்காமல் இன்னொரு கரண்டி ஊற்றினாள், நிறைய.

"போதும்" என்றேன்.

"இன்னும் கொஞ்சூண்டும்மா."

"உங்கப்பா முன்னாடி உக்காந்துட்டு உனக்கு இத்தன நெய் எறங்குதா?"

அவள் மறுபடியும் கிண்ணத்துக்குக் கை நீட்டினாள். நான் அறைந்துவிட்டேன். கன்னத்தில். சோறு வாயிலிருந்து தெறித்துத் தட்டில் விழுந்தது. அதற்குமுன் நான் அவளை அடித்ததே இல்லை. அவள் அழக்கூட இல்லை, என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அவர் தன் தட்டிலிருந்து தலை தூக்கி, மெதுவாகச் சொன்னார்: "அம்மா சொன்னாக் கேக்கோணும் கண்ணு."

அந்த மார்கழியில் அவர் காய்ச்சலும் சளியுமாகப் படுத்துவிட்டார். நாலு நாளாகக் காலை நடைக்குப் போகவில்லை. அதற்குமுன் ஒரு நாள்கூட அந்த நடையை விட்டதில்லை. ஐந்தரைக்கு மப்ளரும் குல்லாயுமாகக் கிளம்பி, உக்கடம் குளத்துப் பக்கம் போய்விட்டு ஏழு மணிக்குத் திரும்புவார். டாக்டர் சொன்னது அரை மணி நேரம், இவர் ஒன்றரை மணி நேரம் நடக்கிறாரே என்று ஆபீஸில் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாம் நாள் காலை, மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருக்கும்போது வாசலில் சத்தம் கேட்டது.

"ஏனுங்கம்மா, லேத் பட்டறை அண்ணன் ஊடு இதுதானுங்களா?"

ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். வெள்ளைத் தொப்பி, தோளில் சால்வை, கையில் துணி சுற்றிய தூக்குப்போசி. நான் யாரென்று கேட்பதற்குள் அவரே சொன்னார்.

"உக்கடத்துல சின்னதா மெஸ் வெச்சிருக்கனுங்க. நாலஞ்சு நாளா அண்ணனக் காணமுங்க. ஒடம்புக்கு ஏதாச்சும் முடியலையோன்னு பட்டறையில விசாரிச்சுட்டு வாரனுங்க. காய்ச்சல்னு சொன்னாங்க. அதான் ஆட்டுக்கால் பாயா, மொளகு தூக்கலாப் போட்டுக் கொண்டாந்தனுங்க. இந்தப் பனிக்குச் சளியெல்லாம் முறிஞ்சுரும்."

"அவர் உங்க கடைக்கு வருவாருங்களா?"

"தெனமும் காத்தால வந்துருவாருங்களே! நாலு ஆப்பம், ஒரு கிண்ணம் பாயா. அது இல்லாட்டி அண்ணனுக்குப் பொழுதே விடியாதுங்க."

அவர் சிரித்துக்கொண்டே போசியின் மூடியைத் திறந்து காட்டினார். மேலே விரலளவு மஞ்சள் கொழுப்பு. மூன்று வருடமாக ஒவ்வொரு சொட்டாக எடுத்துக் கொட்டிய கைக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"எத்தன நாளா வாராருங்க, பாய்?"

"அது ஆச்சுங்க ரெண்டு வருசத்துக்கு மேல. இப்படித்தான் ஒரு பனிக்காலத்துல வந்தாரு. அப்புறம் விடவே இல்லீங்க."

"அவருக்கு ஹார்ட் அட்டாக் வந்து பொழச்சு வந்தவருங்க. தெரியுமுங்களா உங்களுக்கு?"

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போன வேகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டடி பின்னால் போனார்.

"படைச்சவனே! சத்தியமாத் தெரியாதுங்கம்மா. தெரிஞ்சிருந்தா எங்கையால ஊத்திக் குடுத்திருப்பனுங்களா? 'மேல இருக்கற கொழுப்பையும் சேத்தி ஊத்துங்க பாய்'னு கேட்டுக் கேட்டு வாங்குவாருங்களே..." சொல்லிவிட்டு, சொல்லியிருக்கக் கூடாதோ என்று நிறுத்திக்கொண்டார். அவர் கண் கலங்கிவிட்டது. போசியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகப் பார்த்தார். நான் கொடுக்கவில்லை. "உங்க மேல ஒண்ணும் தப்பில்லீங்க பாய்" என்று அனுப்பிவைத்தேன். அன்று எனக்காக நெஞ்சார வருத்தப்பட்ட ஒரே ஆள் அவர்தான். பிறகு என் வீட்டுக்காரர் அந்தக் கடைக்குப் போனபோது, "டீ வேணுமுன்னாக் குடிங்கண்ணா, பாயா இல்லை" என்று சொல்லிவிட்டாராம்.

போசியைக் கொண்டுபோய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் வைத்தேன். அவர் விழித்துத்தான் இருந்தார். வாசலுக்கும் கட்டிலுக்கும் பத்தடிகூட இல்லாத வீடு, எல்லாம் கேட்டிருக்கும்.

"சாப்புடுங்க. சூடாத்தான் இருக்குது."

"அம்மணி, நாஞ் சொல்றதக் கேளு..."

"சொல்லுங்க."

"ஒரு மனுசன் எத்தன நாளைக்குத்தான் அந்தச் சப்புனு இருக்கறதத் திங்கறது?"

"சப்புனு இருக்குதுன்னு ஒரு நாள் சொன்னீங்களா? பரவால்லை பரவால்லைன்னுதான சொன்னீங்க?"

"சொன்னா நீ வருத்தப்படுவ. ராவும் பகலும் அதுக்கே பாடுபட்டுட்டு இருந்தியே."

எனக்காகத்தான் ஏமாற்றினாராம். அதைக் கேட்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது.

"போன மாசம் நெய்க்காகப் புள்ளைய அறைஞ்சனே. அன்னைக்குக் காத்தாலயும் அங்க போயிருந்தீங்களா?"

அவர் சுவரைப் பார்த்தார்.

"சொல்லுங்க."

"போனேன்."

"தின்னீங்களா?"

"...ம்."

"வயிறு நெறையக் கொழுப்பத் தின்னு போட்டு வந்து உக்காந்துட்டு, அம்மா சொன்னாக் கேக்கோணும் கண்ணுன்னு அவகிட்டச் சொன்னீங்க."

திரும்பினேன். பாதி பின்னிய தலையோடு, யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு மகள் வாசற்படியில் நின்றிருந்தாள். மீதித் தலையைப் பின்னிவிட எனக்கு வெகுநேரம் ஆனது. பின்னி முடித்ததும், "நான் உன்னை அன்னைக்கு அடிச்சது தப்பு" என்றேன். "தெரியும்மா" என்றாள். அந்தப் பதிலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு அவர்மேல்தான் எரிச்சல் வருகிறது. அடித்த கை என்னுடையது, அதை மறுக்கவில்லை.

அன்றைக்கு ஆபீஸுக்கு லீவு சொன்னேன். சாயங்காலம் இரண்டு முற்றின தேங்காய் உடைத்து, துருவி அரைத்து, முதல் பாலை மட்டும் பிழிந்து, சந்தகை ஊறிக் கிடக்கும்படி ஊற்றி நானும் மகளும் சாப்பிட்டோம். எனக்கு ருசித்ததா என்றால், இல்லை. கோபத்தில் நாக்கு மரத்துப்போயிருந்தது. ஆனாலும் தட்டை வழித்துத் தின்றேன்.

சாப்பிட்டு முடித்து அவரிடம் சொன்னேன்: "நாளைலருந்து உங்க சோறு உங்க பாடு. அரிசி டப்பா எங்க இருக்குதுன்னு தெரியுமில்ல?"

ஒரு வாரத்தில் அடங்கிவிடுவேன் என்று நினைத்தார். நான் அடங்கவில்லை. பல்லடத்திலிருந்து ஃபோன் வந்தது, பக்கத்து வீட்டுக்கு. நங்கை கத்தினார், நெஞ்சுவலிக்காரனுக்குச் சோறு போடாத பொம்பளையை இதுவரை பார்த்ததில்லை என்று. "அப்படீன்னா நீங்களே வந்து ஆக்கிப்போடுங்க, நங்கை" என்றேன். வந்தார். நாலு நாள் இருந்தார். பண்ணையில் கோழிக்குச் சீக்கு என்று ஐந்தாம் நாள் பஸ் ஏறிவிட்டார்.

அடுத்த முறை டாக்டரிடம் போனபோது நானும் போனேன். டாக்டர் வழக்கம்போல என் பக்கம் திரும்பி, "சாப்பாடெல்லாம் எப்படிங்கம்மா போகுது?" என்றார்.

"தின்னவரு அங்க உக்காந்திருக்காருங்க. வாய் அவருக்கும் இருக்குது. அவரையே கேளுங்க" என்றேன்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, மூன்று வருடத்தில் முதல்முறையாக நாற்காலியை அவர் பக்கம் நகர்த்திப் போட்டார். பாயா கதை அவர் வாயாலேயே வெளியே வந்தது. அதற்குப்பிறகு டாக்டர் பேசினதெல்லாம் அவரோடுதான். நன்றாகவே பயமுறுத்தினார். எனக்கு அது போதவில்லை.

பயந்துபோய்ச் சமைக்கத் தொடங்கினார். முதலில் கஞ்சி. பிறகு கொள்ளு ரசம். அரைக்கும்போது வாசற்படியில் வந்து நின்று, "பொட்டுக்கடலை எத்தனை போடோணும்?" என்று கேட்பார். "ஒரு கைப்பிடி" என்பேன். அவ்வளவுதான் என் வாயிலிருந்து வரும். மாதக்கணக்கில் கருக்கினார், குழைத்தார், உப்பை மறந்தார். ஆனால் தின்றார். தன் கையால் ஆக்கினதைக் கொட்ட அவருக்கு மனசு வரவில்லை என்பதைப் பார்த்தபோது எனக்கு இன்னும் ஆத்திரம்தான் வந்தது. அடுத்த ரத்தப் பரிசோதனையில் கொழுப்பு குறைந்திருந்தது.

அடுத்து வந்த ஆவணி மாதம் தாராபுரத்தில் அவருடைய சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். பந்திக்குக் காத்திருந்த இடத்தில் இவரைச் சுற்றி ஒரு கூட்டம். ஆள் மெலிந்து தெளிவாகியிருந்தாரே, அதனால். "அவனே சமைச்சு, அவனே ஒடம்பத் தேத்திக்கிட்டானுங்க" என்று நங்கை சொல்லிக்கொண்டிருந்தார். பெரியவர் ஒருவர், "ஆம்பளை அடுப்பு முன்னால நிக்கறது லேசுப்பட்ட காரியமா?" என்று அவர் முதுகில் தட்டினார். எனக்குப் பின்னால் இரண்டு பெண்கள், "பாவம், ஊட்டுல அனுசரணை இல்லை போல" என்று பேசிக்கொண்டார்கள்.

"தேங்கா இல்லாமக் கோழிக் குழம்பு எப்படிங்க கெட்டியாகும்?" என்று ஒருவர் கேட்டார்.

"வெங்காயத்த வெறுஞ்சட்டியில வதக்கோணும். பொட்டுக்கடலை ஒரு கைப்பிடி. அம்மியில மையா அரைக்கோணும்" என்றார் என் வீட்டுக்காரர்.

"அடேங்கப்பா! எப்படிக் கண்டுபுடிச்ச?"

"செஞ்சு செஞ்சு பாத்துத்தான்."

நான் எழுந்து போய் அந்தக் கூட்டத்துக்கு நடுவில் நின்றேன். "அதக் கண்டுபுடிச்சது நானுங்க" என்றேன். "ஏழெட்டு ஞாயித்துக்கெழமை கெடுத்துக் கெடுத்துப் பாத்துக் கண்டுபுடிச்சேன். அப்ப இவரு தெனமும் உக்கடத்துல உக்காந்து ஆட்டுக்கால் பாயா தின்னுட்டு இருந்தாரு."

உள்ளே பந்தியில் இலை போடுகிற சத்தம் மட்டும் கேட்டது. நங்கைதான் வாயைத் திறந்தார்.

"சபையில பேசற பேச்சா அம்மணி இது?"

"சபையிலதானுங்க அவரும் சொன்னாரு."

சாப்பிடாமல் மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். அவளுக்குப் பசி. தேங்காய் பன்னும் டீயும் வாங்கிக் கொடுத்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "அப்பா வரலையாம்மா?" என்றாள்.

"அடுத்த பஸ்ஸில வருவாரு."

வந்தார். பொழுது சாய்கிற நேரத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, டிவி பார்த்துக்கொண்டிருந்த என் முன்னால் நின்றார். ஏதாவது சொல்வார் என்று பார்த்தேன். கையைக் கழுவிக்கொண்டு, தன் சட்டியை எடுத்துத் தனக்கு ரசம் வைக்க அடுப்படிக்குப் போனார். கொஞ்சநேரம் கழித்து, "பெருங்காயம் எங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

நான் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.